கல்வராயன் ஏறுமா மின்சார கார்?

மின்சார கார் என்றதும் சென்னை, கோவை, பெங்களூரு என்று பெருநகரங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. விளம்பரங்களும் அதை அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே, அகலமான நகரச் சாலைகளில் ஓடவிட்டே காட்டுகின்றன. அதனால் கள்ளக்குறிச்சி போன்ற ஊரில் இந்தப் பேச்சு எழுந்தால், “அதெல்லாம் சிட்டிக்குச் சரி, நம்ம ஊருக்கு ஒத்து வருமா? மலை ஏறுமா?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி இது. ஆனால் தூரம், மின்சாரம், ஏற்றம், செலவு ஆகிய நான்கையும் எடுத்துக் கணக்குப் போட்டால், பலரும் எதிர்பார்க்காத விடை கிடைக்கிறது. தினமும் வேலைக்குப் போய்வரும் வண்டியாக மின்சார காரைப் பார்த்தால், பெருநகரவாசியைவிடக் கள்ளக்குறிச்சிக்காரருக்கே அது கூடுதலாகப் பயன்படும். இந்த முடிவுக்கு எப்படி வருகிறோம், அதில் எங்கெல்லாம் இடறல் இருக்கிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில் தினசரிப் பயணம் என்பது பெரும்பாலும் ஊர் விட்டு ஊர் போவதுதான். மாவட்டத் தலைநகரிலிருந்து சின்னசேலமும் கச்சிராயபாளையமும் 15 கிலோமீட்டரை ஒட்டி இருக்கின்றன. சங்கராபுரம் 20 கிலோமீட்டருக்குள், உளுந்தூர்பேட்டை 40 கிலோமீட்டருக்குள். சேலம்–உளுந்தூர்பேட்டை தேசிய நெடுஞ்சாலை ஊரை ஒட்டிப் போகிறது; சேலமே 100 கிலோமீட்டர்தான். மேற்கே கோமுகி அணையைத் தாண்டினால் கல்வராயன் மலை தொடங்கிவிடும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான அது 2,000 முதல் 3,000 அடி உயரம் கொண்டது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் அந்த மலை வட்டத்தின் தலைமையிடமான வெள்ளிமலை, கள்ளக்குறிச்சியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். கீழே குடியிருந்துகொண்டு மேலே வேலைக்குப் போகும் ஆசிரியர், செவிலியர், அலுவலர் என்று யாராக இருந்தாலும் ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆக, இந்த மாவட்டத்தின் தினசரித் தேவை 30 கிலோமீட்டரில் தொடங்கி 80 கிலோமீட்டரில் முடிகிறது. வண்டியை எடைபோட வேண்டிய அளவுகோல் இதுதான்.

இந்த அளவுகோலுக்கு இன்றைய கார்கள் எட்டுகின்றனவா? 2020-ல் சந்தைக்கு வந்த டாடா நெக்ஸானின் முதல் மின்சார வடிவத்தில் 30 யூனிட் மின்சாரம் கொள்ளும் பேட்டரி இருந்தது. 2022-ல் வந்த டியாகோவின் பெரிய பேட்டரி 24 யூனிட். 2023-ல் வந்த எம்.ஜி. காமெட்டில் 17 யூனிட் சொச்சம். ஆய்வுக்கூடச் சோதனையை வைத்துச் சொல்லப்பட்ட தூரம் இந்த மூன்றுக்கும் முறையே 312, 315, 230 கிலோமீட்டர். சாலையில் அந்தத் தூரம் கிடைக்காது. ஏசி, வேகம், ஆள் எடை, திடீர் பிரேக் எல்லாம் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தின்றுவிடும். சமதளத்தில் மிதமான வேகத்தில் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 24 யூனிட் பேட்டரி 160 கிலோமீட்டர் வரை ஓடும். வேகம் கூடினால் தூரம் இன்னும் சுருங்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறுவதால், நெடுஞ்சாலையில் 100-ல் போகிறவருக்கும் 70-ல் போகிறவருக்கும் கிடைக்கும் தூரம் வேறு வேறு. இப்படி எல்லாக் கழிவையும் போட்ட பிறகும், சங்கராபுரமோ சின்னசேலமோ போய்வருகிறவருக்கு நான்கைந்து நாள் ஓட்டம் மிஞ்சுகிறது. உளுந்தூர்பேட்டைக்காரருக்குப் போய்வந்த பிறகும் பாதி இருக்கிறது.

அடுத்தது சார்ஜ் ஏற்றும் இடம். பெருநகரத்தில் மின்சார கார் வாங்கத் தடையாக நிற்பது பெரும்பாலும் வண்டியின் திறன் அல்ல, நிறுத்துமிடம்தான். அடுக்குமாடியின் பொது நிறுத்தத்தில் தனி மின்வடம் இழுக்கச் சங்கத்தின் சம்மதம் வேண்டும். தெருவில் நிறுத்துகிறவருக்கு அந்த வழியும் இல்லை. கள்ளக்குறிச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த வாசல் இருக்கிறது. போர்டிகோவோ தகரக் கொட்டகையோ இருக்கிறது. ஏசிக்கும் கீசருக்கும் போடும் அதே 15 ஆம்பியர் பிளக் பாயின்ட், வீட்டில் சார்ஜ் ஏற்றப் போதும். மணிக்கு 3 யூனிட் வரை ஏறும். தினமும் 50 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்துச் சுமார் 8 யூனிட் தேவை. இரவு மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பெட்ரோல் பங்க்கைத் தேடிப் போகும் பழக்கத்தை வைத்து “எங்கே சார்ஜ் போடுவது?” என்று கேட்கிறோம். தினசரி ஓட்டத்துக்கு அதற்கான விடை வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

செலவுக் கணக்கைக் கவனமாகப் போட வேண்டும். “யூனிட் ஐந்து ரூபாய்” என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது சரியல்ல; தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் வீட்டு மின்கணக்கில் பயன்பாடு ஏற ஏற விலையும் ஏறுகிறது. 2024 ஜூலைக் கட்டண விகிதப்படி, இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவாகும் வீட்டுக்கு, முதல் 100 யூனிட் இலவசம் போக, 705 ரூபாய் வரும். அந்த வீட்டுக்காரர் நாளுக்கு 50 கிலோமீட்டர், மாதம் 25 நாள் மின்சார காரில் போனால் இரண்டு மாதத்தில் 2,500 கிலோமீட்டர்; கூடுதல் மின்சாரம் 385 யூனிட். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டுவதால் இடைப்பட்ட சலுகை விலையும் போய்விடும். கட்டணம் சுமார் 3,700 ரூபாய் ஆகும். காருக்கான கூடுதல் செலவு சுமார் 3,000 ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 20 காசு. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு 167 லிட்டர் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் 16,700 ரூபாய். எரிபொருளில் மட்டும் ஆண்டுக்கு 80,000 ரூபாய்க்கு மேல் மிச்சம்.

இதே கணக்கை நாளுக்கு 20 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்குப் போட்டால் மிச்சம் ஆண்டுக்கு 35,000 ரூபாயாகக் குறைகிறது. ஒரே அளவுள்ள பெட்ரோல் காருக்கும் மின்சார காருக்கும் விலையில் 3 லட்சம் வித்தியாசம் என்று கொண்டால், முதலாமவர் நான்கு ஆண்டுக்குள் அதை மீட்டுவிடுவார். இரண்டாமவருக்கு எட்டு ஆண்டுக்கு மேல் ஆகும். 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்த பிறகு, 5 சதவீத வரி உள்ள மின்சார காரின் பழைய சாதகம் சற்றுச் சுருங்கியிருப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூடுதல் விலை முதலிலேயே கையை விட்டுப் போகிறது. அது ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் சிறிது சிறிதாகத் திரும்பி வருகிறது. ஆகவே நிறைய தூரம், தினமும், ஒரே பாதையில் ஓடுகிறவருக்குத்தான் லாபம். பெருநகரத்தில் நெரிசலில் ஒரு மணி நேரம் நின்று பத்து கிலோமீட்டர் கடப்பவரைவிட, ஊர் விட்டு ஊர் போய்வரும் சிறுநகரத்தாருக்கு இந்த விவரிப்பு கச்சிதமாகப் பொருந்துகிறது.

இனி மலைக்கு வருவோம். நான்கு பேர் ஏறிய காரின் எடை 1,700 கிலோ என்றும், அடிவாரத்திலிருந்து ஏற வேண்டிய உயரம் 600 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். அந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க இயற்கை கேட்கும் விலை 2.8 யூனிட். மின்மோட்டாரில் இழப்பு குறைவு என்பதால், சமதள ஓட்டத்துக்கு மேல் 3.3 யூனிட் செலவழித்தால் கார் மேலே போய்ச் சேரும். பெட்ரோல் எஞ்சின் எரிபொருளில் உள்ள ஆற்றலில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது; மீதி வெப்பமாகப் போகிறது. அதே ஏற்றத்துக்கு அது ஒரு லிட்டருக்கு மேல் கூடுதலாக எரிக்கும். இறங்கும்போது பெட்ரோல் காரில் செலவு குறையுமே தவிர, எரிந்த பெட்ரோல் டேங்குக்குத் திரும்பாது. உயரத்தில் சேர்ந்த ஆற்றலின் பெரும்பகுதி பிரேக் கட்டையில் சூடாகக் கரைந்துவிடும். மின்சார காரில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் மின்னாக்கியாக மாறி, சக்கரத்தை இழுத்துப் பிடித்தபடியே பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புகிறது. ஏற்றத்துக்குக் கொடுத்த 3.3 யூனிட்டில் ஏறத்தாழ 2 யூனிட் இப்படி மீண்டுவிடும். வெள்ளிமலை போய்த் திரும்ப 80 கிலோமீட்டர் சமதளக் கணக்கில் 11.5 யூனிட் என்றால், மலைக்காகக் கூடுதலாவது ஒன்றரை யூனிட்டுக்குள்தான். மொத்தம் 13 யூனிட். 24 யூனிட் பேட்டரியில் பாதியைச் சற்றே தாண்டுகிறது.

காகிதத்தில் நன்றாக வரும் இந்தக் கணக்கு, வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவரைப் பயமுறுத்தும் தருணம் ஒன்று உண்டு. கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் ஏறத் தொடங்கியதும், மீதமுள்ள தூரத்தைக் காட்டும் எண் மளமளவென்று சரியும். மேலே போய்ச் சேரும்போது 9 யூனிட் செலவாகியிருக்கும். ஓடியது 40 கிலோமீட்டர், கணக்கில் குறைந்தது 60 கிலோமீட்டருக்கு மேல். இது வண்டியின் பழுது அல்ல. ஏறும்போது செலவான அதே வேகத்தில் இனியும் செலவாகும் என்று கணினி எண்ணிக்கொள்கிறது, அவ்வளவுதான். திரும்பி இறங்கும் 40 கிலோமீட்டருக்கு 4 யூனிட் போதும். இதைத் தெரிந்து வைத்திருப்பவர் பதற மாட்டார். தெரியாதவர் பாதி வழியில் வண்டியைத் திருப்பிவிடுவார். இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தால் இறக்கத்தில் வரும் மின்சாரத்துக்கு உள்ளே இடம் இருக்காது. மோட்டாரின் இழுவையும் குறைந்து, பிரேக்கையே நம்ப வேண்டி வரும். மலைமேல் தங்கி அங்கே சார்ஜ் ஏற்றுகிறவர் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிப்பு இழப்பதுதான் மலைப்பாதையின் பெரிய ஆபத்து என்பதால், மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தும் இந்த வசதி பாதுகாப்புக்கும் உதவுகிறது. ஏற்றத்தில் நின்று கிளம்பும்போதும் மோட்டார் முதல் நொடியிலேயே முழு இழுவையைத் தருகிறது. கிளச்சோடு போராட வேண்டியதில்லை.

மறுப்புகளில் முதலாவது மின்சாரத்தின் தரம் பற்றியது. “அடிக்கடி கரண்ட் போகிறது, வோல்டேஜ் வேறு குறைகிறது” என்பார்கள். வோல்டேஜ் 230-லிருந்து 180-க்கு இறங்கினால், 3 யூனிட் ஏறும் இடத்தில் 2.3 யூனிட் ஏறும். மூன்று மணி நேரத்தில் முடிய வேண்டியது மூன்றரை மணி நேரம் ஆகும். இரவில் கிடைக்கும் பத்து மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் மின்சாரம் நின்றாலும் காலையில் வண்டி தயார். உண்மையான சிக்கல் வீட்டு வயரிங்கில் இருக்கிறது. எர்த் சரியில்லாத இணைப்பில் பல சார்ஜர்கள் வேலையே செய்யாது. மெல்லிய பழைய வயரில் மூன்று மணி நேரம் தொடர்ந்து 13 ஆம்பியர் ஓடினால் அது சூடேறும். கார் வாங்கும் முன் தகுதியுள்ள எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி வயர், தனி பிரேக்கர், சரியான எர்த் போட்டு, வீட்டு இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்சுமையையும் உயர்த்திக்கொள்ள வேண்டும். விவசாய மோட்டாருக்கான இலவச இணைப்பிலிருந்து காருக்கு வயர் இழுக்கும் எண்ணம் யாருக்கும் வரக் கூடாது. அது விதிமீறல் மட்டுமல்ல, உழவருக்கான சலுகைக்கே கெட்ட பெயர் தேடித்தரும் செயல். வேண்டுமென்றால் கூரையில் சூரியத் தகடு போடலாம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. இந்த வட்டாரத்து வெயிலுக்கு அது நாளுக்கு 12 யூனிட் தரும். காருக்கு வேண்டிய 8 யூனிட்டைத் தந்து வீட்டுக்கும் மிஞ்சும்.

இரண்டாவது மறுப்பு பேட்டரி. “சித்திரை வெயிலில் அது என்ன ஆகும்? கெட்டுப்போனால் லட்சக்கணக்கில் செலவாகுமே?” வெப்பம் பேட்டரிக்கு எதிரிதான்; இதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் இந்தியாவில் விற்கும் பெரும்பாலான சிறிய மின்சார கார்களில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. மற்ற வகைகளைவிட அது வெப்பத்தைத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது, கூடுதல் முறை சார்ஜ் ஏற்ற இடம் தரும். எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை பேட்டரிக்கு உத்தரவாதம் தருவது வழக்கமாகிவிட்டது. நாளுக்கு 50 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் எட்டு ஆண்டில் 1,20,000 கிலோமீட்டரைத்தான் தொடுவார். நிழலில் நிறுத்துவதும், வெயிலில் ஓடி வந்தவுடன் சார்ஜ் போடாமல் சற்று ஆறவிடுவதும், வேகச் சார்ஜரைப் பயணங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வதும் அதன் ஆயுளைக் கூட்டும். பழுது நீக்கம் பற்றிய கவலையை என்னால் இவ்வளவு எளிதாகத் தள்ள முடியவில்லை. பெட்ரோல் காருக்குத் தெருவுக்கு ஒரு மெக்கானிக் உண்டு; உயர் மின்னழுத்த வண்டியைத் தொடப் பயிற்சி பெற்றவர் பெரிய ஊர்களில்தான் இருக்கிறார். வாங்கப்போகும் நிறுவனத்தின் பணிமனை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை விலையைப் போலவே பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தூரப் பயணம். சென்னை 240 கிலோமீட்டர். சிறிய பேட்டரி காரில் வழியில் ஒருமுறையாவது நிற்க வேண்டும். நெடுஞ்சாலை உணவகங்களில் வேகச் சார்ஜர்கள் பெருகி வருகின்றன. ஆனால் அங்கே யூனிட் 20 ரூபாயை ஒட்டி வருவதால் கிலோமீட்டர் செலவு 3 ரூபாயாகிவிடும். சார்ஜர் பழுதாகியோ வரிசையிலோ இருந்தால் நேரமும் போகும். மாதத்தில் பாதி நாள் சென்னைக்கும் கோவைக்கும் ஓடுகிறவருக்கு இந்தச் சிறிய கார் வேண்டாம் என்றே சொல்வேன். ஆண்டுக்கு நான்கைந்து தூரப் பயணம்தான் என்றால், அந்த நாட்களுக்காக மற்ற 300 நாளும் ஐந்து மடங்குச் செலவு செய்வதில் அர்த்தமில்லை. அன்றைக்குப் பேருந்தும் சின்னசேலம் ரயிலும் வாடகைக் காரும் இருக்கின்றன.

நான்காவது மறுப்பு மனசாட்சியைத் தொடுவது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரித்து எடுக்கும் மின்சாரத்தில் ஓடும் காரைச் சுத்தமான கார் என்று சொல்லலாமா? புகையே இல்லை என்று சொன்னால் அது பொய். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அதை வைத்துப் பார்த்தால் மின்சார காரின் பங்கு கிலோமீட்டருக்கு 110 கிராம். பெட்ரோல் கார் புகைக்குழாயில் மட்டும் 150 கிராம் விடுகிறது. எண்ணெய் எடுத்துச் சுத்திகரிக்கும் புகை தனி. பேட்டரி தயாரிப்பில் தொடக்கத்தில் கூடுதல் மாசு உண்டு. அதை ஈடுகட்டவும் வண்டி நிறைய ஓட வேண்டும். ஆக, லாபம் உண்டு, ஆனால் மாயம் இல்லை. காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக்கூட, இன்று வாங்கிய அதே கார் ஆண்டுக்காண்டு சுத்தமாகிக்கொண்டே போகும். பெட்ரோல் கார் பழசாகப் பழசாகப் புகைதான் கூடும்.

கடைசி மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். இந்த மாவட்டத்தில் கார் வைத்திருப்பவர்கள் சிறுபான்மை. கல்வராயன் மலைக் கிராமங்களில் பலவற்றுக்கு நல்ல சாலையும் போதிய பேருந்தும் இன்னும் கேள்விக்குறி. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மக்களின் வாழ்நிலை குறித்துத் தாமாக முன்வந்து வழக்கெடுத்தபோது, சாலையும் போக்குவரத்தும் முக்கியப் பிரச்சினைகளாக எழுந்தன. அப்படிப்பட்ட இடத்தில் மின்சார கார் பற்றிப் பேசலாமா? பேசலாம், ஒரு நிபந்தனையோடு. மேலே போட்ட கணக்குகள் எல்லாம் தனிக் காரைவிடப் பொது வண்டிக்கே வலுவாகப் பொருந்துகின்றன. ஒரே பாதை, தெரிந்த தூரம், நாள் முழுக்க ஓட்டம், ஏறி இறங்கும்போது மீளும் ஆற்றல்: கச்சிராயபாளையத்துக்கும் வெள்ளிமலைக்கும் இடையே ஓடும் சிற்றுந்துக்கும், மரவள்ளியும் சிறுதானியமும் ஏற்றி இறங்கும் சரக்கு வண்டிக்கும் இவை அனைத்தும் உண்டு. சென்னையில் 2025 ஜூன் 30 அன்று 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. தலைநகருக்குக் கிடைத்தது மலைவட்டத்துக்கும் வர வேண்டும். வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் அரசு வளாகங்களில் ஓரிரு சார்ஜர்கள், கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில, பேருந்து நிலையத்தில் சில: இவ்வளவு போட்டாலே தனிக் கார்களுக்கும் பொது வண்டிகளுக்கும் சேர்த்து இந்த வட்டாரம் திறந்துவிடும். கார் வாங்குகிறவருக்கு வரிச் சலுகை தரும் அரசு, பேருந்துக்குக் காத்திருப்பவருக்கும் அதில் பங்கு தர வேண்டும் என்று கேட்பது நியாயமே.

வாங்க நினைப்பவர் ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். முதலில் ஒரு மாதம் தன் இப்போதைய வண்டியின் தினசரிக் கிலோமீட்டரை எழுதிவைக்கட்டும். பிறகு மின்சார காரை ஒன்றிரண்டு நாளுக்கு வாடகைக்கோ சோதனை ஓட்டத்துக்கோ எடுத்து, தன் சொந்தப் பாதையில், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, ஏசி போட்டு, உச்சி வெயிலில் ஓட்டட்டும். மலைக்குப் போகிறவராக இருந்தால் மலைக்கே கொண்டுபோகட்டும். எத்தனை சதவீதத்தில் கிளம்பினோம், மேலே எத்தனை, திரும்பி வந்தபோது எத்தனை என்ற மூன்று எண்களைக் குறித்துக்கொண்டால் போதும். கடைசி மின்கட்டண ரசீதை எடுத்து, கூடுதல் யூனிட்டைச் சேர்த்துத் தன் வீட்டுக்கான கணக்கைத் தானே போடட்டும். நாளுக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம், வாசலில் பிளக் பாயின்ட், எட்டும் தூரத்தில் பணிமனை மூன்றும் இருந்தால், கள்ளக்குறிச்சியில் மின்சார கார் இன்றே தாராளமாக வாங்கத் தக்கது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் பொறுத்திருப்பதில் நஷ்டம் இல்லை.